இருபத்திரண்டு டிகிரி நிழல்

வெயிலுக்கு மாத்திரை கண்டுபிடித்தவர்கள் அத்தனை பேரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் அதைக் கண்டுபிடித்தார்கள். நானும் போட்டிருந்தேன், பொய் சொல்வானேன். வெளியே பழைய மகாபலிபுரம் சாலையில் தார் இளகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்த ஏப்ரலில், உள்ளே எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டு நடமாடினோம். அந்தக் குளிர் எங்களுக்காக வைத்தது இல்லை. மகாராணிக்காக வைத்தது.

மகாராணி ஒரு இயந்திரம். பெயர் நான் வைத்தது. ஒரே தட்டில் முந்நூற்று எண்பத்து நான்கு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு செல்லை உறிஞ்சிப் பிடித்து, அதன்மேல் ஒரு ரசாயனத்தைச் சொட்டி, செல்லின் சுவரில் இருக்கும் நுண்ணிய கதவுகள் வழியாக எவ்வளவு மின்சாரம் போய்வருகிறது என்று அளந்து சொல்லும். எந்த ரசாயனம் எந்தக் கதவை அடைக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். அதன் கையேட்டில் அறை வெப்பநிலையில் இயக்கவும் என்று எழுதி, அறை வெப்பநிலை என்றால் இருபத்திரண்டு டிகிரி என்று அடிக்குறிப்பும் போட்டிருந்தார்கள். எந்த ஊர் அறை என்று யாரும் கேட்கவில்லை. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தை எங்கே வைத்து நசுக்குவது என்று அரை மணி நேரம் விவாதித்தோம். படித்தவர்கள் நாங்கள்.

என் பெயர் சுகிர்தா. ஊர் நாகர்கோவில். மகாராணி வருவதற்கு முன்னால் இருபத்து மூன்று வருடம் இதே வேலையைக் கையால் செய்தவள். நுண்ணோக்கியின் கீழே ஒரு செல், அதன்மேல் ஊசிமுனைக் கண்ணாடிக் குழாய், குழாயின் மறுமுனையில் ரப்பர் ட்யூப், அந்த ட்யூபின் மறுமுனை என் வாயில். லேசாக உறிஞ்சினால் செல்லின் தோல் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் அதிகமாக உறிஞ்சினால் கிழிந்துபோகும். ஒரு நாளைக்கு எட்டு செல் பிடித்தால் அது நல்ல நாள். எனக்கு அந்த வேலைமேல் பெரிய காதல் ஒன்றும் இல்லை. முதுகுதான் போயிற்று. எங்கள் இயக்குநர் டாக்டர் குலோத்துங்கன், முதலீட்டாளர்கள் வந்திருந்த ஒரு நாள் நான் வாயில் ட்யூபோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டுப்போனார். மறுவாரம் என் கருவிகளை லிஃப்ட் மோட்டார் பக்கத்தில் இருந்த ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். அங்கே ஏ.சி. கிடையாது.

மகாராணி சலித்து எடுத்துக் கொடுத்த ரசாயனத்துக்கு நிழல் என்று பெயர் வைத்தார்கள். விளம்பரக் கம்பெனிக்காரர்கள் மூன்று வாரம் யோசித்து வைத்த பெயர். அது என்ன செய்யும் என்று குலோத்துங்கன் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவருக்கு விளக்கியபோது நானும் கூட இருந்தேன்.

"நம்ம தோல்ல இருக்கிற நரம்பு முனையில சின்னச் சின்னக் கதவு இருக்கு சார். சூடு பட்டா கதவு திறக்கும். அயனிகள் உள்ளே பாயும். சுடுதுன்னு மூளைக்குச் சேதி போகும். நிழல் அந்தக் கதவை மூடி வெச்சிடும்" என்றார்.

"அப்போ வெயில் அடிக்காதா சார்?"

"அடிக்கும். தெரியாது."

அதிகாரி மகிழ்ந்துபோனார். அவருடைய பிரச்சினையே அதுதான். நாற்பத்தைந்து டிகிரி சாதாரணமாகிவிட்ட பிறகு, ஏப்ரலிலிருந்து ஜூன் வரை மத்தியானம் பன்னிரண்டு மணிமுதல் மூன்றரை வரை வெளிவேலை கூடாது என்று அரசாணை வந்திருந்தது. அந்த மூன்றரை மணி நேரம் கட்டிடக்காரர்களுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. வெயிலைக் குறைக்க யாராலும் முடியாது, மத்தியான ஓய்வையாவது குறைக்கலாம் என்று எல்லோரும் ஏங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எங்கள் மாத்திரை போய்ச் சேர்ந்தது.

சோதனைக்கு ஆள் தேடி அலையவும் வேண்டியிருக்கவில்லை. எங்கள் கட்டிடத்துக்குப் பக்கத்திலேயே புதிய ஒன்பது மாடி ஆய்வகம் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் வேலை செய்த முப்பத்தாறு பேரிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார்கள். அந்தக் கட்டிடத்துக்கு மட்டும் மத்தியான ஓய்விலிருந்து விலக்கு வாங்கினார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு வாசலில் ஏ.சி. பஸ் ஒன்று வந்து நிற்கும். ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிட்டு, கால் மணி நேரம் படுக்கவைத்து, ஈ.சி.ஜி. எடுத்து, மாத்திரையை வாயில் போட்டு, முழுங்கினார்களா என்று நாக்கைத் தூக்கிப் பார்த்து அனுப்புவார்கள். பஸ்ஸுக்குள் இருபத்து நான்கு டிகிரி. ஈ.சி.ஜி. எல்லாமே அழகாக வந்தன.

பச்சையம்மாவை எனக்குத் தண்ணீர்க் குழாயடியில் பழக்கம். எங்கள் கட்டிடத்தின் தரைத்தளத்தில், குளிர்ந்த தண்ணீர் வரும் குழாய் ஒன்று உண்டு. தொழிலாளிகள் அங்கே பிடிக்கக் கூடாது என்று பலகை மாட்டியிருந்தார்கள். பச்சையம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்தாள். திருவண்ணாமலைப் பக்கம் ஏதோ ஊர். முப்பத்தைந்து வயதிருக்கும். கலவைச் சட்டி சுமக்கிற வேலை. மாத்திரை கொடுக்க ஆரம்பித்த இரண்டாவது வாரம், நானாகத்தான் கேட்டேன்.

"மாத்திரை எப்படி இருக்கு பச்சையம்மா?"

"சூப்பரா கீது மேடம். வெயிலே தெர்ல. மார்கழி மாசம் மாரி கீது" என்று சிரித்தாள். பிறகு பாட்டிலை மூடிக்கொண்டே, "மேலே ஏறச்சொல்லதான் நெஞ்சாண்ட மீன் துள்ற மாரி இருக்குது. ரெண்டு துள்ளு, அப்பாலே நின்னுடுது" என்றாள்.

"எத்தனை நாளா?"

"நாலு நாளா. எனக்கு மட்டும் இல்ல மேடம், கீழ்த்தளத்துல ரெண்டு பேருக்கு இப்பிடித்தான். வெயில் தெரியாததுக்கு இது பரவால்லன்னுட்டாங்க."

நேராக மேலே போய், நிழலின் பாதுகாப்புச் சோதனைக் கோப்பைத் திறந்து பார்த்தேன். இதயத்திலும் கதவுகள் உண்டு. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். அதற்காகப் பொட்டாசியம் வெளியே போகிற கதவு ஒன்று இருக்கிறது. எந்த மருந்தானாலும் அந்தக் கதவை அடைக்கவில்லை என்று நிரூபித்தால்தான் மனிதர்களுக்குக் கொடுக்க முடியும். மகாராணி நிரூபித்திருந்தது. முந்நூற்று எண்பத்து நான்கு குழியிலும் கதவு பளிச்சென்று திறந்திருந்தது. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் சோதனை வெப்பநிலை இருபத்திரண்டு என்று இருந்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. சில மருந்துகளுக்குச் சூட்டில் குணம் மாறும் என்பது எங்கள் துறையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வெயிலில் நிற்கிறவர்களுக்கான மாத்திரை. அதை ஃபிரிட்ஜிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி இருக்கிற செல்லில் சோதித்துவிட்டு, இருபத்தேழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இருபத்தெட்டாவது கையெழுத்து என்னுடையது. நானும் அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் ஸ்டோர் ரூமில்தான் இருந்தேன். கண்ணாடிக் குழாயை வாட்டி முனை இழுத்து, ட்யூபை வாயில் வைத்து, செல்லைப் பிடித்து, அது மிதக்கும் உப்புத் தண்ணீரை டிகிரி டிகிரியாகச் சூடேற்றினேன். வேர்வை கண்ணில் வழிந்தது. இருபத்திரண்டில் நிழல் ஒன்றும் செய்யவில்லை. முப்பதில் லேசான மாற்றம். முப்பத்தேழில் மூன்றில் ஒரு பங்கு கதவு அடைத்துக்கொண்டது. நாற்பதில் திரையில் இருந்த கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. பதினோரு செல்லில் செய்து பார்த்தேன். பதினொன்றிலும் அதேதான்.

காலையில் பஸ்ஸில் ஈ.சி.ஜி. எடுக்கிற நர்ஸ் ரெஜினாவிடம்தான் முதலில் காட்டினேன்.

"மேடம், நாற்பது டிகிரி காய்ச்சல்காரங்களுக்குத்தானே வரும்?" என்றாள்.

"நாலாவது மாடியில மொட்டை வெயில்ல சட்டி சுமக்கிறவங்களுக்கும் வரும். நமக்குச் சுட்டா என்ன பண்ணுவோம்? நிழல்ல போய் உட்காருவோம், தண்ணி குடிப்போம். சுடுதுன்னே தெரியலைன்னா உட்காரத் தோணாது. உடம்பு பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கும். ஏற ஏற மாத்திரை இதயத்தை அடைக்கும்."

"அடைச்சா?"

"அடுத்த துடிப்பு கோணலா ஆரம்பிக்கும். சில பேருக்கு மயக்கம் வந்து தெளியும். சில பேருக்குத் தெளியாது."

ரெஜினா வரைபடத்தை மடித்து என்னிடம் கொடுத்தாள். பிறகு, "திங்கட்கிழமையிலிருந்து ரெண்டு மாத்திரையாக் கொடுக்கச் சொல்லியிருக்காங்க மேடம்" என்றாள். அன்று வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை குலோத்துங்கன் அறையில் என் வரைபடங்களைப் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றையும் மரியாதையாக எடுத்துப் பார்த்தார். அவரிடம் எனக்குப் பிடிக்காததே அந்த மரியாதைதான்.

"சுகிர்தா, நீங்க பெரிய எக்ஸ்பர்ட். இல்லைன்னு சொல்லலை. ஆனா வாயால உறிஞ்சி எடுத்த டேட்டாவை நான் எப்படி வெளியில காட்டறது?"

"அப்போ மகாராணியையே நாற்பது டிகிரியில ஓட்டிப் பாருங்க சார்."

"தட்டு தாங்காது. செல் ஒட்டாது. வாரண்டி போயிடும்."

"முப்பத்தாறு பேருக்கு வாரண்டி கிடையாதா சார்?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சரி, எந்த டெம்பரேச்சர்ல இது சேஃப்?" என்றார்.

"இருபத்தஞ்சுக்குக் கீழே."

அவர் முகம் மலர்ந்தது. பேனாவை எடுத்து எழுதிக்கொண்டே படித்தார். "இருபத்தைந்து டிகிரிக்குக் குறைவான சூழலில் மட்டும் பயன்படுத்தவும். லேபிள்ல போட்டுடலாம். பிரச்சினை தீர்ந்தது."

"சார், இது வெயிலுக்கான மாத்திரை."

"லேபிள்ல போட்டாச்சுன்னா நம்ம பொறுப்பு முடிஞ்சுது சுகிர்தா."

நான் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேலி பண்ணுகிறாரா என்று முகத்தில் தேடினேன். இல்லை. இரண்டு டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர், குடையை மழை இல்லாத நாளில் மட்டும் பிடிக்கவும் என்று முழு மனதோடு எழுதிக்கொண்டிருந்தார்.

"அதுவும் தவிர, மனுஷங்ககிட்ட எடுத்த ஈ.சி.ஜி. பூரா நார்மலா இருக்கே?" என்றார்.

"ஏ.சி. பஸ்ல எடுத்தது சார்."

"வேற எங்கே எடுக்கறது? வெயில்லயா எடுக்க முடியும்?" என்று சிரித்தார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான யோசனை அதுதான்.

அதைச் செய்யும் முன்னால் அன்றைக்கே பச்சையம்மாவிடம் நேராகச் சொல்லிப் பார்த்தேன். மாத்திரையை விழுங்காதீர்கள், நெஞ்சில் துள்ளுவது மீன் இல்லை, இதயம், அது நின்றே போகும் என்று சொன்னேன்.

"அது எப்டி மேடம் முழுங்காம இருக்கறது? நாக்கத் தூக்கிப் பாக்கறாங்க. போடலைன்னா ஊட்டுக்குப் போவச் சொல்றாங்க."

"அப்போ நாளைக்கு மத்தியானம் மேலேயே வெச்சு உங்களுக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுக்கட்டுமா? அதைக் காட்டினா நிறுத்திடுவாங்க."

"வேல கெடாம எடுப்பீங்களா? மேஸ்திரி கத்துவாரு."

"ஆறு நிமிஷம்."

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு நானும் ரெஜினாவும் கையடக்க ஈ.சி.ஜி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலாவது மாடிக்கு ஏறினோம். கைப்பிடி இல்லாத படி. மேலே போனதும் எனக்கு மூச்சு அடைத்தது. காற்று என்று ஒன்றும் இல்லை, அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அதுதான் இருந்தது. அந்த வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. சுற்றிலும் இருபது பேர் சாயங்காலம் கடற்கரையில் உலாத்துகிறவர்கள் போல நிதானமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். யாரும் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மேஸ்திரி கோதண்டம் ஓடி வந்தார். "இன்னா மேடம் இது, காங்கிரீட் ஓடிக்கினு கீது, இப்ப வந்து ஒயரு மாட்டறீங்க?"

"ஆறு நிமிஷம் மேஸ்திரி. இவங்க நர்ஸ், நான் டாக்டர்" என்றேன். பிஎச்.டி.யும் ஒரு டாக்டர்தானே.

பச்சையம்மாவை சிமெண்டு மூட்டைமேல் உட்காரவைத்தோம். இத்தனை ஆண்கள் நடுவில் நெஞ்சில் ஒட்ட முடியாது, கை கால் போதும் என்றாள் ரெஜினா. அதுவும் ஒட்டவில்லை. வேர்வையில் வழுக்கி வழுக்கி விழுந்தது. பச்சையம்மாவே முந்தானையால் மணிக்கட்டைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். கடைசியில் பிளாஸ்திரி போட்டுச் சுற்றினோம். காதில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் முப்பத்தொன்பது புள்ளி எட்டு.

"எப்படி இருக்கு பச்சையம்மா?"

"குளுகுளுன்னு கீது மேடம்."

காகிதம் ஓட ஆரம்பித்தது. ரெஜினா ஒரு அடி நீளம் வந்ததுமே ஸ்கேலை வைத்து அளந்தாள். துடிப்பு முடிந்து இதயம் அடங்க எடுத்துக்கொள்ளும் இடைவெளி காலையில் பஸ்ஸில் எடுத்ததைவிட ஒன்றரை மடங்குக்கு நீண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வி எதுவும் இல்லை.

"போதும், கழட்டிடலாம்" என்றேன்.

அதற்குள் கோதண்டம், "ஆறு நிமிஷம் ஆச்சு" என்றார். பச்சையம்மா சட்டென்று எழுந்தாள். ஒயர் கையில் இருப்பதை மறந்து சட்டியை எட்டிப் பிடித்தாள். பிடித்த கையோடு அப்படியே மடங்கி விழுந்தாள்.

பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காகிதத்தில் கோடு தறிகெட்டுச் சுழன்றது, பெரிதாகி, சிறிதாகி, மறுபடி பெரிதாகி. இந்த வடிவத்தை நான் புத்தகத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், வகுப்பெடுத்திருக்கிறேன், கேள்வித்தாளில்கூடக் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு அதன் பெயர் ஞாபகம் வரவில்லை. ஏசுவே ஏசுவே என்று கத்தினேன். ரெஜினா அவள் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தப் போன நேரத்தில் கோடு தானாகவே நேரானது. பதினாலு வினாடி. பிறகு காகிதத்தில் எண்ணிப் பார்த்தேன்.

நாலு பேர் சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள். பஸ்ஸில் படுக்கவைத்து, தண்ணீரை ஊற்றி உடம்பைக் குளிரவைத்ததும் கண்ணைத் திறந்தாள். திறந்ததும் அவள் கேட்டது, "சட்டி கீழே உளுந்துச்சா மேடம்? யார் மேலயும் படலையே?" என்பதுதான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ரெஜினா முன்னால் அழுவதற்கு எனக்கு வெட்கமாக இல்லை.

அன்று சாயங்காலமே இருபத்திரண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். வரைபடம், அட்டவணை, பதினோரு செல், பதினாலு வினாடிக் காகிதம் எல்லாம் சேர்த்து, ரெஜினாவும் கையெழுத்துப் போட்டு, சோதனைக்கு அனுமதி கொடுத்த நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் நிழலை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமை யாருக்கும் இரண்டு மாத்திரை கொடுக்கவில்லை. ஒரு மாத்திரையும் கொடுக்கவில்லை. பஸ் வரவேயில்லை.

இதில் எங்கள் ஆபீஸில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. குலோத்துங்கன் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, எங்கள் கண்காணிப்பு முறை எவ்வளவு நுட்பமானது என்றால் ஒருவருக்கு மயக்கம் வந்த உடனேயே ஆபத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றார். பின்னணியில் மகாராணி நின்றது. நிழலையும் அவர் தூக்கிப் போடவில்லை. இருபத்தைந்து டிகிரிக்குக் குறைவான சூழல் என்ற லேபிளோடு, காரிலிருந்து இறங்கி அலுவலக வாசல்வரை நடக்கிறவர்களின் அசௌகரியத்துக்காக அதைக் கொண்டுவரப் போவதாகக் கேள்விப்பட்டேன். எனக்கும் பரிசு கிடைத்தது. ஆண்டு விழாவில் சால்வை போர்த்தி, என் ஸ்டோர் ரூமுக்கு ஒரு ஏ.சி. மாட்டிக் கொடுத்தார்கள். நான் சால்வையை வாங்கிக்கொண்டு சிரித்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஊரில் இருக்கும் தங்கைக்குப் போன் பண்ணி முப்பத்தாறு உயிர் என்றுகூடச் சொன்னேன்.

மே இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் பச்சையம்மாவைக் குழாயடியில் மறுபடி பார்த்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. பாட்டில் நிறைகிற வரைக்கும் பொறுக்காமல் குழாயிலேயே வாயை வைத்துக் குடித்தாள். பிறகு தலையை அதன் கீழே நீட்டினாள்.

"நெஞ்சு எப்படி இருக்கு?"

"அதெல்லாம் நல்லா ஆயிட்ச்சி மேடம். துள்றதே இல்ல."

"மணி பன்னிரண்டு தாண்டியாச்சே, இன்னும் சட்டியும் கையுமா இருக்கீங்க? ரெஸ்ட் இல்லையா?"

"அது எங்க மேடம் இப்போ? மாத்திரை வந்தப்ப எடுத்தாங்க இல்ல, எடுத்தது எடுத்ததுதான். மேஸ்திரியக் கேட்டோம். அந்த பில்டிங்குக்கே விலக்கு வாங்கியாச்சாம். மாத்திரைக்கு வாங்கலையாம், பில்டிங்குக்கு வாங்கனதாம். உங்க ஆபீஸ் கையெழுத்துப் போட்டு சோதனை முடிஞ்சுதுன்னு எழுதிக் குடுத்தாத்தான் மாறுமாம். புரட்டாசிக்குள்ள ஆவும்ன்றாரு. மாத்திரை போட்டப்ப எத்தினி சட்டி தூக்கனியோ இப்பவும் அத்தினி தூக்குன்றாரு."

அவள் முந்தானையைப் பிழிந்து தலையில் போட்டுக்கொண்டாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"மேடம், அந்த மாத்திரை எதுனா மிச்சம் கீதா?"

"பச்சையம்மா! அது உங்களைக் கொன்னிருக்கும்."

"தெரியும் மேடம். நீங்கதான் சொன்னீங்களே. ஒண்ணே ஒண்ணு. மத்தியானத்துக்கு மட்டும். மீன் துள்ளுனா செத்த உக்காந்தா நின்னுடும். இந்த வெயிலுக்கு எங்க மேடம் உக்கார்றது?"

"இல்லை" என்றேன். சோதனை நின்றபோது மிச்சமான இருநூறு மாத்திரை என் மேசை இழுப்பறையில் இருந்தது.

அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் வற்புறுத்தவில்லை. பாட்டிலை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். போகப் போனவள் நின்று, ஏதோ சின்னச் சந்தேகம் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"மாத்திரைய நிறுத்தச் சொல்லி அத்தினி எழுதுனீங்களே மேடம், அதுலயே மத்தியான ரெஸ்ட்டையும் திருப்பிக் குடுங்கன்னு ஒரு வரி எழுதலையா?"

நான் இருபத்திரண்டு பக்கத்தையும் மனசுக்குள் புரட்டினேன். நாற்பது டிகிரியில் ஒரு செல்லுக்கு என்ன ஆகிறது என்று பதினோரு முறை சோதித்து எழுதியிருந்தேன். ஒரு மனுஷி எதற்காக நாற்பது டிகிரிக்குப் போக வேண்டும் என்று எங்கேயும் கேட்கவில்லை. குலோத்துங்கனைக் கேலி பண்ணியே வாய் வலித்தவள் நான்.

"தோணலை பச்சையம்மா" என்றேன்.

"சரி மேடம்" என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். சுவரோரம் வைத்திருந்த சட்டியை எடுத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு வெயிலுக்குள் நடந்தாள். மணி பன்னிரண்டே கால்.